தயங்கி நிற்கும் பிள்ளையிடம் பேசுங்கள்



பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்து விட்டால் நம் இல்லங்களில் எல்லாம் ஒரே கேள்விதான். "அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" அத்தா கேட்கிறார். அம்மா கேட்கிறார். கல்யாண வீட்டில் சாப்பிட அமர்ந்தால் எதிரே இருப்பவர் கேட்கிறார். ஜும்ஆத் தொழுதுவிட்டு வெளியே வந்தால் செருப்பு மாட்டிக்கொண்டே பெரியத்தா கேட்கிறார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "தெரியவில்லை" என்கிறான்.

அந்த ஒரு சொல் பெற்றோரைச் சுட்டுவிடுகிறது. பதினைந்து வயதாகியும் ஒரு முடிவுக்கு வரத் தெரியாதா? அடுத்த வீட்டுப் பையன் ஆறாம் வகுப்பிலிருந்தே டாக்டர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறானே! இப்படி ஆரம்பிக்கின்ற பேச்சு சில வீடுகளில் அழுகையிலும், சில வீடுகளில் வாரக்கணக்கான மௌனத்திலும் போய் முடிகின்றது.

சற்று நிதானித்துச் சிந்தித்துப் பாருங்கள். "தெரியவில்லை" என்பது அவ்வளவு கேவலமான பதிலா? மதீனாவின் பேரறிஞர் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தொலைதூரங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட மார்க்கக் கேள்விகள் பலவற்றிற்குத் தயக்கமின்றி "தெரியாது" என்றே விடை கூறியவர்கள். அது அவர்களுடைய அறிவின் குறையாக அல்ல, பேணுதலின் அடையாளமாகவே இன்றும் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படுகின்றது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி, பிறர் மெச்சுவதற்காக ஒரு படிப்பின் பெயரைக் கூறுகின்ற பிள்ளையை விட, தெரியவில்லை என்று உண்மையைச் சொல்கின்ற பிள்ளை ஒரு படி மேல் அன்றோ! நாம் செய்ய வேண்டியது, அந்தச் சொல்லோடு பேச்சை முடித்துவிடாமல், அந்தச் சொல்லிலிருந்து பேச்சைத் தொடங்குவதே ஆகும்.

கலீஃபா கட்டளையிடவில்லை

ஜைது இப்னு தாபித் (ரலி) அவர்களின் வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பெற்றோர் என்ற கண்ணோட்டத்தில் அதை ஒருமுறை பார்ப்போம்.

பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்தபோது ஜைதுக்கு வயது பதினொன்று. தந்தையை இழந்த சிறுவர். பத்ருப் போருக்குச் செல்ல ஆசைப்பட்டார். சிறுவர் என்பதால் திருப்பி அனுப்பப்பட்டார். ஆசைப்பட்ட முதல் வாசல் அவருக்குத் திறக்கவில்லை. ஆனால் அவருடைய குடும்பத்தார் அவரிடம் வேறொன்றைக் கவனித்திருந்தார்கள். இச்சிறுவர் பத்துக்கும் மேற்பட்ட சூராக்களை மனனம் செய்திருக்கிறார் என்று அண்ணலாரிடம் அழைத்து வந்து கூறினார்கள். அவருடைய நினைவாற்றலைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு பணித்தார்கள். அரை மாதத்திற்குள் அவர் அதைக் கற்றுத் தேர்ந்தார். அதன்பின் அந்த மொழியில் வரும் கடிதங்களைப் படித்துக் காட்டுவதும் பதில் எழுதுவதும் அவர் பணியாயிற்று. வஹீ எழுதும் பேறும் கிட்டிற்று.

வரலாற்றின் அடுத்த பகுதிதான் நமக்கு மிக முக்கியம். யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தோர் பலர் ஷஹீதானபின், குர்ஆனை ஒன்று திரட்ட வேண்டும் என்ற யோசனையை உமர் (ரலி) அவர்கள் கூறினார்கள். கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்களே முதலில் தயங்கினார்கள். உமர் (ரலி) அவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துரைத்த பின்னரே அவர்களின் உள்ளம் தெளிவடைந்தது. பின்னர் ஜைதை அழைத்துப் பொறுப்பை ஒப்படைத்தபோது அவரும் தயங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 22. ஒரு மலையை இடம் மாற்றச் சொல்லியிருந்தாலும் அது இவ்வளவு பாரமாகத் தோன்றியிருக்காது எனும் கருத்தில் அவரே பின்னாளில் இதைக் கூறியிருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது.

அபூபக்கர் (ரலி) அவர்கள் முஸ்லிம்களின் தலைவர். ஒரு வார்த்தையில் ஆணையிட்டிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. நீ இளைஞன், அறிவுள்ளவன், உன்மீது எங்களுக்கு ஐயம் ஏதுமில்லை, வஹீயை எழுதியவன் என்று அவரிடம் தாம் கண்ட தகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூறினார்கள். அவருடைய உள்ளத்தை அல்லாஹ் விரிவாக்கும் வரை மீண்டும் மீண்டும் பேசினார்கள்.

தயக்கம் ஒரு குற்றம் என்றால், அந்த மாமனிதர்கள் தயங்கியிருக்கமாட்டார்கள். தயக்கம் தீர்ந்த வழியையும் கவனியுங்கள். அதட்டல் இல்லை, ஒப்பீடு இல்லை. தகுதியைப் பெயர் சொல்லி எடுத்துக்காட்டுதல், பொறுமையான பேச்சு இவ்விரண்டுமே அங்கு இருந்தன. நம் வீட்டில் ஒரு பிள்ளை தயங்கும்போது, "உன்னிடம் இந்த இந்தத் திறமைகளை நான் பார்த்திருக்கிறேன்" என்று சொல்லத்தக்க அளவுக்கு நாம் அவனைக் கவனித்திருக்கிறோமா? மதிப்பெண் பட்டியலைத் தவிர அவனைப் பற்றி நமக்குத் தெரிந்தது என்ன?

மூன்று வகைத் தயக்கம்

எல்லாத் "தெரியவில்லை"யும் ஒன்றல்ல. என்னிடம் ஓத வரும் பிள்ளைகளோடு பேசிப் பார்த்ததில், பெரும்பாலும் அது மூன்று வகையாக இருக்கக் காண்கிறேன்.

முதல் வகை, அறியாமையால் வருவது. நம் பிள்ளைகளுள் பலருக்குத் தெரிந்த தொழில்கள் ஐந்தாறுதான். டாக்டர், இன்ஜினியர், ஆசிரியர், கடை, வெளிநாடு. பார்க்காத ஒன்றைப் பிள்ளை எப்படி விரும்புவான்? இவனுக்குத் தேவை அறிவுரை அன்று, அறிமுகம். வழக்கறிஞர், செவிலியர், கணக்குத் தணிக்கையாளர், கிராம நிர்வாக அலுவலர், மருந்தாளுநர், நில அளவையாளர் என்று பல துறையினர் நம் ஜமாஅத்திலேயே இருப்பார்கள். விடுமுறையில் வாரம் ஒருவரிடம் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். அவன் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து. காலை முதல் மாலை வரை தாங்கள் செய்யும் வேலை என்ன? இதற்கு எத்தனை ஆண்டு படித்தீர்கள், எவ்வளவு செலவாயிற்று? இதில் மிகக் கடினமானது எது? நேரத்திற்குத் தொழ முடிகிறதா, ஹராம் கலக்கும் இடம் உண்டா? மீண்டும் பதினைந்து வயது வந்தால் இதையே தேர்வீர்களா? இந்த ஐந்துக்கும் கிடைக்கும் பதில்கள், பயிற்சி நிலையங்களின் பத்து விளம்பரங்களை விட மேலானவை.

இரண்டாம் வகை, இரண்டு விருப்பங்களுக்கு இடையே மாட்டிக்கொள்வது. கணக்கும் பிடிக்கிறது, வரைவதும் பிடிக்கிறது. இவனுக்குப் பேச்சை விடப் பழக்கம் உதவும். பதினோராம் வகுப்புப் பாடநூல்கள் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. குரூப்பைத் தேர்வதற்கு முன்பே அப்புத்தகங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பாடத்தை உட்கார்ந்து படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் புத்தகத்தை இரண்டாம் நாளும் அவனாகவே திறக்கிறான் என்று பாருங்கள். துணியை வாங்குமுன் விரித்துப் பார்க்கிறோம்; இரண்டாண்டுப் படிப்பை விரித்துப் பார்க்காமலேயே எடுத்துவிடுகிறோம்.

மூன்றாம் வகைதான் கவலைக்குரியது. பிள்ளைக்குத் தெரிகிறது, ஆனால் சொல்லப் பயம். சொன்னால் அத்தா சிரிப்பார், அல்லது கோபப்படுவார், அல்லது அம்மா அழுவார். ஆகவே "தெரியவில்லை" என்ற திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். இவனிடம் கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள். இஷாத் தொழுகைக்குப்பின் பள்ளிவாசலிலிருந்து வீடு திரும்பும் வழியில், இருவர் மட்டும் நடந்து வரும்போது கேளுங்கள். "செலவும் மார்க்கும் தடையில்லை என்றால் எதைப் படிப்பாய்?" அவன் பதில் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். அன்றைக்கு ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். முழுவதையும் கேட்டுக்கொண்டாலே அவன் மனபாரத்தில் பாதி இறங்கிவிடும்.

எல்லோருக்கும் ஒரே பணி இல்லை

தொழுகைக்கு அழைக்கும் வாசகங்களைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் இப்னு ஜைது (ரலி). ஆனால் பாங்கு சொல்லும் பணி பிலால் (ரலி) அவர்களுக்கு வழங்கப்பட்டது. குரல் வளம் அவருக்கு இருந்ததே காரணம். அபூதர் (ரலி) அவர்கள் பதவி ஒன்றைக் கேட்டபோது, அது ஓர் அமானிதம், அதன் பாரத்தைத் தாங்கும் இயல்பு உமக்கு இல்லை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள். அபூதரின் தக்வாவில் குறையேதும் இல்லை. ஆயினும் அந்தப் பணி அவருக்குரியதன்று. இன்னாருக்கு இன்ன பணி என்று அறிந்து ஒப்படைப்பது சுன்னத்தான வழி என்பதை இதனால் விளங்குகிறோம்.

ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் ஓர் ஆதங்கத்தை வெளியிடுகிறார்கள். மருத்துவம், கணக்கு ஆகியவற்றை மட்டுமன்றி, விவசாயம், நெசவு, தையல் போன்ற தொழில்களையும் சமுதாயத்தின் மீது பர்ளு கிஃபாயா என எண்ணும் அவர்கள், முஸ்லிம் மருத்துவரே இல்லாத ஊர்கள் எத்தனையோ இருக்க, மாணவர்கள் எல்லோரும் ஃபிக்ஹுச் சட்ட விவாதங்களின் பக்கமே நெருக்கியடிப்பதைக் கண்டிக்கிறார்கள். மார்க்கக் கல்வியின் பேரறிஞரே இவ்வாறு கூறினார்கள் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஒரே வாசலில் எல்லோரும் நெருக்கியடிப்பதே அவர்கள் கண்ட குறை. இன்று வாசல் மாறியிருக்கிறது, நெருக்கடி மாறவில்லை.

2006-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த சச்சார் குழுவின் அறிக்கை, அப்போதைய நிலையில் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளில் முஸ்லிம்கள் 3 விழுக்காடு, ஐ.பி.எஸ்.ஸில் 4 விழுக்காடு என்று கூறிற்று. 2001 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் நாம் 13.4 விழுக்காடு. இந்த இடைவெளிக்குக் காரணங்கள் பல. அவற்றுள், அந்த வாசலை நம் பிள்ளைகளுக்கு நாம் காட்டவே இல்லை என்பதும் ஒன்றாக இருக்கக்கூடும் அல்லவா?

எந்த முடிவு எந்த வாசலை மூடும்?

பிள்ளையின் தயக்கத்தில் பாதி, ஒருமுறை தவறினால் வாழ்வே போய்விடும் என்ற அச்சத்தால் வருவது. எது மீள முடியாத முடிவு, எது மீளக்கூடியது என்று பிரித்துக் காட்டினால் அச்சம் குறையும்.

பதினோராம் வகுப்பில் உயிரியல் படிக்காதவருக்கு எம்.பி.பி.எஸ்., செவிலியர் பட்டப்படிப்பு போன்றவை எளிதில் திறவா. மருத்துவத்திற்கு நீட் தேர்வும் வேண்டும். பெரும்பாலான பொறியியல் பிரிவுகளுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். கணிதம், உயிரியல் இரண்டும் உள்ள குரூப் இரு வாசல்களையும் திறந்து வைக்கும் என்பது உண்மையே. ஆனால் கணக்கில் தடுமாறும் பிள்ளையை அதில் தள்ளினால், வாசல்களைத் திறந்து வைப்பதாக நினைத்து எல்லாவற்றையும் மூடியவர்களாவோம்.

வணிகவியல், வரலாறு போன்ற குரூப்புகள் "மார்க் குறைந்தவனுக்கு" என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. பிளஸ் டூ முடித்தபின் படிக்கும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் எந்தக் குரூப்பினரும் சேரலாம். சி.ஏ. எனப்படும் பட்டயக் கணக்காளர் படிப்பின் முதல் கட்டத் தேர்வையும் எந்தக் குரூப்பினரும் எழுதலாம். ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். பத்தாம் வகுப்புக்குப்பின் மூன்றாண்டு பாலிடெக்னிக் முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழி உண்டு. ஐ.டி.ஐ.யில் பிட்டர், எலெக்ட்ரீசியன் பயின்றவர்கள் கைத்தொழிலோடு கண்ணியமாக வாழ்கிறார்கள். தாவூத் (அலை) அவர்கள் கவசம் செய்து தம் கைகளால் உழைத்து உண்டார்கள். ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சர். நபிமார்கள் செய்த கைத்தொழில் நமக்கு மட்டும் இழிவாகிவிடுமா?

மற்றொன்று, சலுகைகளைக் காலத்தோடு அறிந்திருப்பது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2007-இல் வந்தது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்னி, மாப்பிள்ளா, அன்சார், ஷேக், சையத், தூதேகுலா ஆகிய பிரிவினர் இதில் அடங்குவர். சாதிச் சான்றிதழில் பிரிவின் பெயர் சரியாக இருந்தால்தான் இது பயன்படும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்கல்விகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. சான்றிதழுக்குக் கலந்தாய்வு வாரத்தில் தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நிற்பதை விட, பத்தாம் வகுப்பிலேயே வாங்கி வைத்துவிடுவது நல்லது.

பண விஷயத்தையும் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். "என்னால் ஆண்டுக்கு இவ்வளவுதான் முடியும், வட்டிக்கு வாங்கமாட்டேன்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடும் தந்தையைப் பிள்ளை மதிப்பான். ஆசை காட்டிவிட்டு ஜூன் மாதத்தில் கையை விரிப்பதுதான் அவனை உடைக்கும்.

இஸ்திகாராவும் கனவும்

இந்தக் காலத்தில் என்னிடம் வரும் பெற்றோர் பலர் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு மூன்று படிப்புகளின் பெயரை எழுதித் தந்து, "ஹஸ்ரத், இஸ்திகாரா பார்த்துச் சொல்லுங்கள்" என்கிறார்கள். அவர்களுடைய நம்பிக்கையை மதிக்கிறேன். ஆயினும் ஓதிக்கொடுப்பவன் என்ற முறையில் ஒன்றைத் தெளிவுபடுத்துவது என் கடமை.

குர்ஆனின் சூராவைக் கற்றுத் தருவது போலவே, எல்லாக் காரியங்களிலும் இஸ்திகாரா செய்வதை நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குக் கற்றுத் தந்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கடமையல்லாத இரண்டு ரக்அத் தொழுது, அதற்குரிய துஆவை ஓதி, நன்மை எதுவோ அதை எளிதாக்கித் தருமாறு இறைவனிடம் இறைஞ்சுவதே அது. கனவு வர வேண்டும், பச்சை நிறம் தெரிய வேண்டும் என்பதெல்லாம் அந்த ஹதீஸில் இல்லை. யாருடைய வாழ்வோ அவரே தொழுது கேட்க வேண்டிய துஆ அது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்தத் துஆவைப் பொருளோடு சொல்லிக் கொடுத்து அவனையே தொழச் சொல்லுங்கள். பெற்றோரும் தமக்காகத் தொழுது துஆச் செய்யட்டும்.

இஸ்திகாராவுக்கு முன், நலம் நாடுபவர்களும் அனுபவம் உள்ளவர்களுமான நம்பிக்கைக்குரியவர்களிடம் கலந்தாலோசிப்பது விரும்பத்தக்கது என்று இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் கூறியுள்ளார்கள். இந்த வரிசையை நினைவிற் கொள்ளுங்கள். முதலில் விசாரணை, அடுத்து ஆலோசனை, பிறகு இஸ்திகாரா, அதன்பின் துணிந்து செயல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கட்ட வேண்டிய கயிற்றைத் தேடாமலேயே கனவுக்காகக் காத்திருப்பது தவக்குல் ஆகாது.

கேட்கப்படாத பிள்ளைகள்

இதுவரை "அவன்" என்றே எழுதி வந்தேன். "அவள்" என்ன ஆனாள்? பல வீடுகளில் பெண்பிள்ளைக்குத் தயங்கும் உரிமைகூடக் கிடைப்பதில்லை; அவளிடம் யாரும் கேட்பதே இல்லை. பக்கத்தில் எந்தக் கல்லூரி இருக்கிறதோ, அதில் எந்தப் பிரிவில் இடம் இருக்கிறதோ, அதுவே அவள் படிப்பு. அதுவும் மாப்பிள்ளை அமையும் வரை. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி. அவ்வாறு கற்றுத் தந்ததை நபி (ஸல்) அவர்கள் அறிந்து ஊக்குவித்தார்கள். மேலே சொன்ன ஐந்து கேள்விகளும், இஸ்திகாராவும், தனியே நடந்துகொண்டு பேசும் பேச்சும் மகளுக்கும் உரியவையே.

இன்னொரு சாராரும் உண்டு. நன்றாகப் படிப்பவனை மருத்துவத்திற்கு, சுமாரானவனைப் பொறியியலுக்கு, எதிலும் தேறாதவனை மதரஸாவுக்கு என்று பங்கு பிரிக்கிறோம். ஒருமுறை ஒரு தந்தை, பத்தாம் வகுப்பில் தோற்ற மகனை அழைத்து வந்து, "இவனுக்குப் படிப்பு ஏறவில்லை, ஆலிமாக்கி விடுங்கள்" என்றார். நான் பையனைத் தனியே அழைத்துப் பேசினேன். அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை. வுளூச் செய்யும் இடத்தில் தண்ணீர் ஏற்றும் மோட்டார் நின்றுபோக, யாரோ சத்தம் போட்டார்கள். பையன் எழுந்து போனான். கொஞ்ச நேரத்தில் மோட்டார் ஓடிற்று. அன்று மாலை அவன் தந்தையிடம் நான் சொன்னது இதுதான்: "துணைத் தேர்வு எழுத வையுங்கள், பிறகு ஐ.டி.ஐ.யில் சேருங்கள். சுபுஹுக்குப் பின் குர்ஆன் ஓத என்னிடம் அனுப்புங்கள்." அவருக்கு அது ஏமாற்றம்தான். மகனுக்கு அன்றுதான் முகம் மலர்ந்தது.

மதரஸா என்பது விருப்பத்தோடும் தகுதியோடும் வர வேண்டிய இடம். தோல்விக்குத் தண்டனை அன்று. அல்லாஹ்வின் வேதத்தைச் சுமக்க வீட்டின் கூர்மையான பிள்ளை விரும்பினால் அவனைத் தடுக்காதீர்கள். விரும்பாதவனை அங்கே ஒதுக்கித் தள்ளவும் செய்யாதீர்கள். இரண்டுமே அநீதி.

கவனம் தேவைப்படும் அடையாளங்கள்

தயக்கம் வேறு, மனம் உடைவது வேறு. பிள்ளை சரியாகச் சாப்பிடாமல், உறங்காமல், நண்பர்களையும் ஒதுக்கிவிட்டு, "நான் இருந்து என்ன பயன்" என்பது போலப் பேசினால், அதை ஈமானின் பலவீனம் என்று சொல்லி அடக்காதீர்கள். நடிப்பு என்று ஒதுக்காதீர்கள். அவனைத் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416, கட்டணம் கிடையாது. எந்தப் படிப்பும், எந்த மதிப்பெண்ணும் ஓர் உயிருக்கு ஈடாகாது. குடும்ப மானம் என்று நாம் எண்ணுவது, நாளை பிள்ளையே இல்லையென்றால் யாருக்காக?

மாணவச் செல்வங்களே!

இறுதியாக உங்களிடம் சில வார்த்தைகள். நீங்கள் இப்போது முடிவு செய்ய வேண்டியது அறுபது வயது வரைக்குமான வாழ்க்கையை அன்று; அடுத்த இரண்டு ஆண்டுகளை அல்லது மூன்று ஆண்டுகளைத்தான். அந்த அளவுக்கு முடிவு செய்யத் தேவையான செய்திகளைத் தேடிக்கொள்ளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். சொல்லாமலேயே நீங்கள் செய்யும் வேலைகள், நேரம் போவது தெரியாமல் படிக்கும் பாடங்கள், பிறர் உங்களிடம் உதவி கேட்டு வரும் காரியங்கள் ஆகியவற்றை ஒரு மாதம் எழுதி வாருங்கள். நண்பன் சேர்கிறான் என்பதற்காக ஒரு குரூப்பில் சேராதீர்கள்; இரண்டாம் மாதத்தில் அவன் வேறு பிரிவில் உட்கார்ந்திருப்பான். கைப்பேசியில் பார்க்கும் ஒரு நிமிடப் படத்தை நம்பி ஒரு தொழிலை விரும்பாதீர்கள். அத்தொழிலைச் செய்பவரை நேரில் பாருங்கள். பெற்றோர் மறுத்தால் எதிர்த்துப் பேசாமல், சேகரித்த செய்திகளை எழுதி அவர்கள் முன் வையுங்கள். எழுத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

மூஸா (அலை) அவர்கள் மிஸ்ரை விட்டு வெளியேறி மத்யனை அடைந்தபோது அவர்களுக்கு வீடில்லை, வேலையில்லை, நாளை என்ன என்பதும் தெரியாது. ஆனால் கிணற்றடியில் ஆடுகளோடு ஒதுங்கி நின்ற இரு பெண்களைக் கண்டதும், அவர்களுக்காகத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள். பிறகு நிழலில் ஒதுங்கித் தம் தேவையை இறைவனிடம் முறையிட்டார்கள். அந்தச் சிறு பணியின் வழியாகவே வேலையும், குடும்பமும், தங்குமிடமும் அவர்களைத் தேடி வந்தன. அடுத்தது தெரியாத நிலையிலும் கண்முன் இருக்கும் காரியத்தைச் செம்மையாகச் செய்தவருக்கு அல்லாஹ் வழி திறந்தான். இன்று உங்கள் கண்முன் இருப்பது நாளைய பாடமும், ஐவேளைத் தொழுகையும், பெற்றோருக்குச் செய்யும் பணிவிடையும்தான். அவற்றை விடாதீர்கள்.

பெற்றோர்களே, இன்றிரவே பேச்சைத் தொடங்குங்கள். "என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்காமல், "உன்னிடம் நான் கண்டது இது" என்று தொடங்குங்கள். பிள்ளை "தெரியவில்லை" என்று சொன்னால், "எனக்கும் தெரியவில்லை, இருவரும் சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளின் உள்ளங்களை நன்மையான வழிக்கு விரிவாக்கி, ஹலாலான ரிஸ்க்கையும் பயனுள்ள கல்வியையும் அவர்களுக்கு வழங்கி, ஈருலகிலும் நமக்குக் கண்குளிர்ச்சியாக அவர்களை ஆக்கியருள்வானாக! ஆமீன்.